மஞ்சள் கல்லா, பச்சைக் கல்லா?

(சாலை, பாலம், சானல், கட்டடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நெடுஞ்சாலைத் துறையில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்று இப்போது தக்கலையில் இருக்கும் அக்கா பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெல்லி அமைச்சரைப் பற்றியவை.)

அக்கா, எங்கள் ரோட்டில் குழிக்கு நடுவில்தான் ரோடு இருக்கிறது. பேரூராட்சியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நேராக மத்தியப் பொதுப்பணித் துறை அமைச்சருக்கே எழுதிவிடலாம் என்று இருக்கிறோம். அவர் பெயரும் விலாசமும் தர முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பெயர் தருவதற்கு அப்படி ஒரு அமைச்சரே இப்போது டெல்லியில் இல்லை. முன்பு இருந்தார். 1947-ல் நேரு அமைத்த முதல் அமைச்சரவையில் என்.வி. காட்கில் பொதுப்பணி, சுரங்கம், மின்சாரம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்து, சேர்த்து, பெயர் மாற்றி, இன்று அந்த வேலை ஐந்தாறு அமைச்சர்களிடம் பரந்து கிடக்கிறது. யாருக்கு எது என்பதை இந்திய அரசின் 1961-ஆம் ஆண்டு அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் சொல்கின்றன. ஒரு அமைச்சரின் அதிகாரம் எதுவரை என்று தெரிய வேண்டுமென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். மேடையில் அவர் பேசுவதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போகிற சாலையும், காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வருகிற சாலையும் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகத்துக்கு உரியவை. 2014-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் நிதின் கட்கரி. முட்டத்து கலங்கரை விளக்கம் துறைமுக, கப்பல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தண்டவாளம் ரயில்வேக்கு. மத்திய அரசு அலுவலகக் கட்டடம் என்றால் மத்தியப் பொதுப்பணித் துறை. 1854-ல் கம்பெனி ஆட்சியிலேயே தொடங்கிய துறை அது, இப்போது வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்திடம் இருக்கிறது. மலையோரக் கிராமங்களுக்குப் போகிற பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துச் சாலைகளை நெடுஞ்சாலை அமைச்சரிடம் கேட்டுப் பயனில்லை. அவை ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் பணம்.

உங்கள் சாலை எதில் வருகிறது என்று கண்டுபிடிக்க ஆபீசுக்கெல்லாம் ஏற வேண்டாம். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. கல்லே இல்லாமல் இரண்டு பக்கமும் மதில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் உள்ளாட்சியின் சாலைதான். அப்படியானால் டெல்லிக்குத் தபால் செலவு வீண். அங்கிருந்து சென்னைக்கு அனுப்புவார்கள், சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும், நாகர்கோவிலிலிருந்து நீங்கள் வாய் வலிக்கப் பேசிய அதே பேரூராட்சி மேசைக்கு வந்து சேரும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒன்று போனால் அந்த எண்ணைக் காட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்.


2024-ல் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஓட்டை விழுந்தபோது எங்கள் டீக்கடையில் எல்லாரும் மத்திய அமைச்சரைத்தான் பிடித்து வாங்கினார்கள். பாலம் கட்டியது யாரோ இன்ஜினியரும் கான்ட்ராக்டரும். அமைச்சரைச் சொல்வது நியாயமா?
– வாசகர், குழித்துறை

நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைப் புரட்டினால் 4-வது பிரிவு அந்தச் சாலை மத்திய அரசின் சொத்து என்கிறது, 5-வது பிரிவு அதை நல்ல நிலையில் பராமரிப்பது மத்திய அரசின் பொறுப்பு என்கிறது. எனவே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர்தான். ஆனால் வேலை செய்கிற கைகள் வேறு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஒன்று. மலைப்பகுதி, எல்லைப்புறச் சாலைகளுக்காக 2014-ல் வந்த இன்னொரு கழகம். மூன்றாவது, நம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குள்ளேயே இருக்கிற தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. மூன்றாவதைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. சம்பளம் சென்னையிலிருந்து, வேலைக்கான ஒப்புதலும் பணமும் டெல்லியிலிருந்து. அந்தப் பிரிவில் எஸ்டிமேட்டுக்கு வரைபடம் போட்டுக்கொடுத்தவள் என்பதால் சொல்கிறேன், ஒரு சிறு பாலத்தின் சிறகுச் சுவரை இரண்டு மீட்டர் நீட்ட வேண்டுமென்றாலும் கோப்பு பெரிய பயணம் போய்த்தான் வரும்.

பெரியவர்கள் 1956-ஐச் சொல்வார்கள். நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த அதே நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்தது. லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இன்றைக்கு எனக்கு ராஜினாமாவை விட விசாரணை அறிக்கை மேல்தான் ஆசை. எந்த மூட்டில், எந்தத் தளத்தில், யார் கையெழுத்திட்ட பரிசோதனையில் தவறு என்று ஊருக்குத் தெரியட்டும்.

மஞ்சள் கல் சாலையில் குழி, விபத்து, விளக்கு எரியாமை எதுவானாலும் 1033 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.


நான்குவழிச் சாலைக்கு எங்கள் தென்னந்தோப்பில் பாதி போகிறதாம். பேப்பரில் சர்வே எண்ணோடு அறிவிப்பு வந்துவிட்டது. மத்திய அமைச்சரைப் பார்த்தால் நிறுத்த முடியுமா? மருமகன் டெல்லியில் ஆள் தெரியும் என்கிறார்.
– வாசகி, வில்லுக்குறி

மருமகனுக்கு டிக்கெட் எடுக்கும் முன் காலண்டரை எடுங்கள் அம்மா. பேப்பரில் வந்தது தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிப்பாக இருந்தால், அது 'இந்த நிலத்தை எடுக்க நினைக்கிறோம்' என்ற அளவுதான். அரசிதழில் அது வெளியான தேதியிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவின்படி எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். யாருக்கு? அமைச்சருக்கு அல்ல, அந்த அறிவிப்பிலேயே குறிப்பிட்டிருக்கும் நில எடுப்பு அதிகாரிக்கு. நம் பக்கம் அது பெரும்பாலும் வருவாய்த் துறை அதிகாரிதான். அவர் உங்களை நேரில் கேட்டாக வேண்டும். இந்த 21 நாளைத்தான் நம் மக்கள் ஆளைத் தேடுவதில் தொலைக்கிறார்கள்.

அடுத்தது 3டி. அது வெளியானால் நிலம் சட்டப்படி மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அமைச்சரே உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மாற்றுகிற செல்வாக்கு அமைச்சகத்துக்கு உண்டு, ஆனால் அது இதற்கெல்லாம் முந்திய கட்டம். 3ஏ வெளியாகி ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு தானாகக் காலாவதியாகும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபத்தில் என்ன எழுதுவது? 'தோப்பு எங்கள் உயிர்' என்று எழுதினால் படிப்பவர் மனம் இளகும், கோப்பு இளகாது. என் கை பழகிய விஷயத்தைச் சொல்கிறேன். அறிவிப்பில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் உங்கள் பட்டாவோடு ஒப்பிடுங்கள். திருவிதாங்கூர் காலத்துப் பழைய எண்ணும் ரீசர்வே எண்ணும் நம் மாவட்டத்தில் குழம்பிக் கிடப்பது ஒன்றும் அபூர்வமில்லை. பத்து சென்ட் என்று நீங்கள் நினைக்கிற இடம் வரைபடத்தில் எட்டாக இருக்கும், கிணறு அடுத்தவர் பெயரில் விழுந்திருக்கும். காய்க்கிற தென்னை எத்தனை, பிள்ளைத் தென்னை எத்தனை, கிணறு, மோட்டார் ஷெட், சுற்று மதில் எல்லாவற்றையும் எழுதி, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். மரத்துக்கும் கட்டடத்துக்கும் நிலத்தோடு சேராமல் தனி மதிப்பு உண்டு.

பணத்தைப் பற்றி. 2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கிற நிலத்துக்கும் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்கில்தான் இழப்பீடு. அதாவது சந்தை மதிப்போடு ஆறுதல் தொகை நூறு சதவீதமும் சேரும். அதற்கு முன்பு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகை இல்லை என்று சொல்லி வந்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதுவும் தவறு, அவர்களுக்கும் வட்டியோடு உண்டு என்றது. தொகை குறைவாகத் தோன்றினால் 3ஜி பிரிவில் நடுவரிடம் போகலாம். பணத்தை வாங்கிவிட்டால் வழக்கு போட முடியாது என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று எழுதி வாங்குங்கள்.


நம் மாவட்டத்துக்காரரே நெடுஞ்சாலைத் துறை இணையமைச்சராக இருந்தார். அப்படியும் நான்குவழிச் சாலை இழுத்துக்கொண்டே போனதே, ஏன்?
– வாசகர், தோட்டியோடு

பொன். ராதாகிருஷ்ணனைச் சொல்கிறீர்கள். 2014 நவம்பரில் நெடுஞ்சாலை, கப்பல் இரண்டுக்கும் இணையமைச்சரானார்; 2017 செப்டம்பரில் நெடுஞ்சாலை போய் நிதி வந்தது. மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் அந்தக் காலத்து வேலைகள், 2019 மார்ச்சில் பிரதமர் கன்னியாகுமரியில் வைத்து முறைப்படி திறந்தார். உள்ளூர்க்காரர் அமைச்சராக இருந்தால் ஒரு பட்டியலில் நம் பாலத்தின் பெயர் மேலே ஏறும். ஏறியது. அதை இல்லை என்று சொன்னால் அது அரசியல் பேச்சு.

ஆனால் இணையமைச்சர் என்பவர் யார்? காபினெட் அமைச்சர் ஒதுக்கிக் கொடுக்கிற வேலையைப் பார்ப்பவர். தனிப்பொறுப்பு இருந்தால் கதை வேறு, அவருக்கு அது இல்லை. பெரிய திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவதைப் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு தீர்மானிக்கிறது. அதில் பிரதமர் தலைமை. 2025-26-ல் அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 2.87 லட்சம் கோடி ரூபாய், தேசிய நெடுஞ்சாலை நீளம் சுமார் 1.46 லட்சம் கிலோமீட்டர். இதில் நம் பங்கு என்ன என்பதற்கு நாடு முழுக்க எம்.பி.க்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இனி, பணமும் வந்து டெண்டரும் விட்ட பிறகு ஏன் நின்றது? மண். வேறொன்றுமில்லை, வெறும் மண். நம் ஊரில் சாலை நேராகப் போக வேண்டுமென்றால் வயலேலாவிலும் குளத்திலும்தான் இறங்க வேண்டும், மேடான இடமெல்லாம் வீடும் ரப்பரும். அந்தப் பள்ளத்தை நிரப்பி உயர்த்த மலை மலையாக மண் வேண்டும். சாலை மத்திய அரசுடையது, மண் மாநில அரசுடையது. சிறு கனிமங்களுக்கு விதி போடுகிற அதிகாரம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மாநிலத்துக்குத்தான். குளத்தில் மண் எடுக்க நீர்வளத் துறை, மலையோரம் தொட்டால் வனத்துறை, பாசனச் சானலைக் கடக்க மறுபடியும் நீர்வளத் துறை. இதற்கிடையில் ஒப்பந்தமும் முறிந்து மறு டெண்டர் போனது. இந்த இடத்தில் மத்திய அமைச்சருக்கு இருப்பது முதலமைச்சருக்கு ஒரு கடிதம், ஒரு ஆய்வுக் கூட்டம், அவ்வளவுதான். டெல்லியில் ஒரு கட்சி, சென்னையில் ஒரு கட்சி என்று இருந்தால் கடிதம் பேப்பரில் முதலில் வரும், கோட்டைக்கு அப்புறம்தான் போய்ச் சேரும். என்னைக் கேட்டால், வரைபடத்தில் கோடு போடும்போதே இந்த மண் எங்கிருந்து வரும் என்று ஓரத்தில் எழுதாத திட்டத்தில் எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். காமராஜர் 1969 இடைத்தேர்தலில் ஜெயித்து, 1975-ல் மறையும்வரை நாகர்கோவில் எம்.பி.யாகத்தான் இருந்தார். ஒருநாளும் மத்திய அமைச்சராக இருந்ததில்லை. அவர் சொன்னால் நடந்தது. அது பதவியின் கணக்கில் வராத விஷயம்.


மலேசியாவில் சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக எவ்வளவோ செய்தார் என்று ஈப்போவில் இருக்கும் என் அண்ணன் பெருமையாகச் சொல்வான். அங்கே ஒருவரால் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?
– வாசகர், குளச்சல்

அங்கே அந்த நாற்காலி ஒன்றாக இருக்கிறது, அதனால்தான். கூட்டாட்சிப் பொதுப்பணித் துறை முழுவதும் ஒரே அமைச்சகத்தின் கீழ். சாமிவேலு 1979 முதல் 1989 வரையும், மறுபடி 1995 முதல் 2008 வரையும் அதில் இருந்தார். நம் நாட்டில் ஒரே இலாகாவில் அவ்வளவு காலம் ஒருவரை விட்டுவைப்பது அபூர்வம். 1985-ல் திறந்த பினாங்குப் பாலம், பதின்மூன்றரை கிலோமீட்டர், அவர் முதல் தவணையில் இருந்தபோது வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையையும் அவர் கணக்கில் எழுதுவார்கள். வேலை தொடங்கியபோது அவர்தான் அமைச்சர். ஆனால் 1994-ல் அது முழுதாகத் திறக்கப்பட்டபோது அவர் எரிசக்தி, தொலைத்தொடர்பு அமைச்சர். பெரிய வேலைகளில் இப்படித்தான், அஸ்திவாரக் கல்லில் ஒரு பெயர், ரிப்பன் வெட்டும் படத்தில் இன்னொரு முகம். நடுவில் கஷ்டப்பட்ட அமைச்சர் யார் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணன் அதையும் சொன்னாரோ என்னவோ, 2008 தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியிலேயே அவர் தோற்றார். சாலைக்கும் ஓட்டுக்கும் நேர்க்கோடு கிடையாது.


நெய்யாறு இடதுகரைச் சானலில் தண்ணீர் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. விளவங்கோடு வயலெல்லாம் ரப்பர், வாழை ஆகிவிட்டது. ஜல் சக்தி அமைச்சர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் கேரளத்துக்கு உத்தரவு போட முடியாதா?
– வாசகர், அருமனை

முடியாது. 2004-ல் கேரளம் நிறுத்தியது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-வது இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு என்றால் மட்டும் மத்தியப் பட்டியலின் 56-வது இனம் வேலை செய்யும், அப்போதும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான். நெய்யாறு இரு மாநில ஆறே இல்லை என்பது கேரளத்தின் வாதம். வழக்குப் போட்டது தமிழ்நாடு, 2012-ல், உச்ச நீதிமன்றத்தில். 2019-ல் உருவான ஜல் சக்தி அமைச்சகம் இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைக்கலாம், அதற்கு இரண்டு தரப்பும் வர வேண்டும். வயலைத் தோட்டமாக்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர் வராத சானலைப் பார்த்துக்கொண்டு எத்தனை பூ, அதாவது எத்தனை போகம், காத்திருப்பது?


நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அமைச்சரின் பொறுப்பு என்று புத்தகத்தில் உள்ளது மனதில் நிற்கவில்லை. எளிமையாகச் சொல்லுங்கள் அக்கா.
– வாசகி, இரணியல்

கேள்வி நேரத்தை ஒரு நாள் டிவியில் முழுதாகப் பார், மக்களே, புத்தகம் தானாக மனதில் நிற்கும். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை. நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20. அதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் வரும். நட்சத்திரமில்லாத கேள்வி 230; எழுத்தில் பதில். நம் எம்.பி. 'காரோடு வில்லுக்குறிச் சாலையில் எத்தனை சதவீத வேலை முடிந்தது' என்று ஒரு கேள்வி போட்டுவிட்டால் அன்றிலிருந்து பதினைந்து நாளும் அமைச்சகம், ஆணையம், திட்ட அலுவலகம் என்று போன் பறக்கும். எங்கள் ஆபீசில் 'பார்லிமென்ட் கேள்வி' என்ற சிவப்புச் சீட்டு ஒட்டிய கோப்பு வந்தால் மதியச் சாப்பாட்டையே தள்ளிப்போடுவோம். மாலை போட்டுக் கொடுக்கிற மனுவுக்கு அந்த வேகம் வந்து நான் பார்த்ததில்லை.

மற்றது: எந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிப்பது, வரவு செலவில் பணம் கேட்பது, நாட்டுக்கே பொதுவாக விதி போடுவது. விதி மத்தியில், அமல் மாநிலத்தில் என்பதற்கு நம் டாரஸ் லாரிகளை உதாரணமாக எழுது. அச்சுக்கு எத்தனை டன் ஏற்றலாம் என்பதை மத்திய அமைச்சகம் 2018-ல் உயர்த்தியது. அதற்கும் மேலே கல்லை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டுகிற லாரியை நிறுத்தி எடை போட வேண்டியவர் நம் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி.


கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம், மாத்தூர் தொட்டிப் பாலம், பேச்சிப்பாறை அணை – இதில் எது மத்திய அமைச்சர் கட்டியது? நண்பர்களுக்குள் பந்தயம்.
– வாசகர், திருவட்டாறு

ஒன்றுகூட இல்லை, பந்தயப் பணத்தை என்னிடம் கொடுங்கள். கண்ணாடிப் பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டியது: 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய், 2024 டிசம்பர் 30-ல் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்தார். தொட்டிப் பாலம் 1966, மாநில அரசின் வேலை, 28 தூண், 115 அடி உயரம். அணையோ அமைச்சர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் ஆட்சியில் 1906-ல் முடிந்தது. கட்டிய இன்ஜினியர் மிஞ்சின், நம் ஆட்கள் 'மூக்கன் துரை' என்று கூப்பிட்டவர், அணைப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். அவர் கல்லறையைப் போய்ப் பாருங்கள். மாவட்டத்தில் எத்தனையோ அடிக்கல் பார்த்திருக்கிறேன், கட்டியவர் பெயருக்கு மக்கள் பூ வைக்கிற கல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.


கடலரிப்பைத் தடுக்கும் கல்சுவரான தூண்டில் வளைவு கேட்டு எங்கள் ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. கடல் மத்திய அரசுடையது, டெல்லிக்குப் போங்கள் என்கிறார் ஒருவர். உண்மையா?
– வாசகி, இரையுமன்துறை

கடல் அவர்களுடையதாக இருக்கட்டும், கரை நம்முடையது. பெரிய துறைமுகம் என்று அறிவித்ததுதான் மத்திய அமைச்சகத்துக்கு, தூத்துக்குடி மாதிரி. 2016 ஜூலையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்து, கடற்கரை ஊர்கள் எழுந்து நின்றதும் அடங்கிப்போனதே, அது அந்த வகை. தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம் மாநில மீன்வளத் துறையுடையது. கடலரிப்புத் தடுப்புச் சுவர் மாநில நீர்வளத் துறையின் கடலரிப்புக் கோட்டம். மத்திய அரசு மீன்வளத் திட்டத்தில் பணத்தில் ஒரு பங்கு தரும், கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி அனுமதி பார்க்கும். ஆக உங்கள் மனுவுக்கு மூன்று நகல்: கலெக்டர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், மீன்வளத் துறை. நாலாவது நகல் எம்.பி.க்கு, கூடவே 'இதை மக்களவையில் கேள்வியாகப் போடுங்கள்' என்று ஒரு வரி. அவருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி தொகுதி நிதி உண்டு. அது தூண்டில் வளைவுக்குக் காணாது, வலைக்கூடத்துக்கும் விளக்குக்கும் காணும்.


பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பிட வசதி போதவில்லை. மத்திய அமைச்சரா, மாநில அமைச்சரா, யாருக்கு எழுத?
– வாசகர், தக்கலை

நம்ம ஊரா! மதிலுக்கு உள்ளே என்றால் இருவருமே இல்லை. 1956-ல் மாவட்டம் இங்கே வந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது, திருவனந்தபுரத்துக்கு எழுதுங்கள். மதிலுக்கு வெளியே என்றால் பத்மநாபபுரம் நகராட்சி. வட்டக்கோட்டையில் இதே குறை இருந்தால்தான் மத்திய தொல்லியல் துறை, அதாவது கலாசார அமைச்சர். மனுவை நானே எழுதித் தருகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். மலையாளத்தில் டைப் அடிக்கத் தெரிந்த ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது.